அறுபத்து நான்கு

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

சீடர் டாக்டர் ஞானசிகாமணி குதிரைப் பண்ணையில் முப்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவர். பவழம் என்ற பெண்குதிரைக்குக் கால் முறிந்தபோது கடைசி ஊசியை அவரேதான் போட்டார். போடுவதற்கு முன் அதன் கழுத்திலிருந்து பட்டாணி அளவு தோலை வெட்டி எடுத்தார். அதை எடுத்துக்கொண்டு, செல் வளர்க்கக் கற்றுக்கொள்ள, பேராசிரியர் மெஹருன்னிசாவின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார்.

தோல் செல்கள் குடுவையில் நன்றாகத்தான் வளர்ந்தன. இருப்புக்காக உறையவைத்த குப்பிகள் ஒரு மின்வெட்டில் வீணாய்ப் போயின. மிஞ்சியது ஒரே குடுவை. நாலு மாதத்தில் அதுவும் தளர்ந்துவிட்டது. செல்கள் பெருகாமல் சும்மா ஒட்டிக்கிடந்தன. மனிதர் விடவில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டநீர் மாற்றிக்கொண்டே இருந்தார்.

“இன்னும் எத்தனை நாள் வச்சுப் பார்க்கலாம் மேடம்?”

“கால் முறிஞ்ச பிறகு பவழத்தை எத்தனை நாள் வச்சிருந்தீங்க?”

“ஒன்பது நாள். எழுந்து நின்னுடும்னு நினைச்சேன்.”

“ஊசி எப்போ போட்டிருக்கணும்?”

அவர் தரையைப் பார்த்தார். “முதல் நாளே.”



மூன்று வாரம் கழித்து ஞானசிகாமணி மெஹருன்னிசாவின் அறைக்கு ஓடிவந்தார்.

“பெருகுது மேடம்! குடுவையே நிறைஞ்சுபோச்சு!”

கண் கலங்கியிருந்தது. பாவம், அத்தனை சந்தோஷம்.

மெஹருன்னிசா போய் நுண்ணோக்கியில் ஒரு நிமிடம் பார்த்தார். “குரோமோசோமை எண்ணிட்டு வாங்க டாக்டர்.”

குதிரைக்கு அறுபத்து நான்கு. அவர் படம் எடுத்து, பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்து எண்ணினார். எழுபத்தெட்டு வந்தது. இன்னும் பத்து செல்களை எண்ணினார். எல்லாவற்றிலும் எழுபத்தெட்டுதான்.

அது நாயின் கணக்கு என்று கால்நடை மருத்துவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அறையில் நாயின் சிறுநீரகச் செல்களும் அவர் பொறுப்பில்தான் வளர்ந்தன. அவை ஓயாமல் பெருகும் வகை. ஒரு துளி வேறு குடுவையில் விழுந்தால் போதும், அதையே நிறைத்துவிடும். ஒவ்வொரு செல் வகைக்கும் தனிப் புட்டி என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. பவழத்தைக் கவனிக்கிற அவசரத்தில் இரண்டுக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊட்டநீர் எடுத்திருக்கிறார்.

“இத்தனை நாளா நாய்க்கா தீனி போட்டேன்?”

மெஹருன்னிசா செல்களைக் கொல்லும் பிளீச் புட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் அதைத் தொடவில்லை. குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அடியில ஒண்ணு ரெண்டாவது பவழத்தோடது இருக்கும் மேடம்.”

“இருக்கும்.”

“பிரிச்சு எடுத்துப் பார்க்கிறேன். ஒரு வாரம் குடுங்க.”

“தாராளமா எடுத்துக்கோங்க. இன்னிக்கு எத்தனையாவது நாள் டாக்டர்?”

 ஞானசிகாமணி குடுவையின் மூடியைத் திருகித் திறந்து, பிளீச் புட்டியைக் கையில் எடுத்தார்.