இடது முன் டயரைத் தின்னது யாரு?

ஒரு டயர் மட்டும் ஏன் பளபளன்னு இருக்குன்னுதானே கேக்குறீங்க? மத்த மூணும் தைப்பொங்கலுக்கு மாட்டினது. இதோட அண்ணன் ஒருத்தன் அதுங்களோட சேர்ந்துதான் வந்தான். வைகாசியிலயே போய்ச் சேர்ந்துட்டான். அது ஒரு கதை. இவங்க சீர்த்தட்டெல்லாம் வண்டியில ஏத்தி முடிக்கிறதுக்குள்ள சொல்லிடுறேன். விடையை நீங்க சொல்லணும்.

இது எங்க பக்கத்து வீட்டுக் கார். வீட்டுக்காரர் அருணகிரி, மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவர். சம்சாரம் வடிவு. மகன் செங்குட்டுவன், மருமக இசைவாணி. மக மங்கையைப் பக்கத்து ஊர்ல கட்டிக் கொடுத்திருக்கு. தலைச்சன் புள்ள, ஏழு மாசம். இன்னைக்கு அங்க வளைகாப்பு. முடிஞ்ச கையோட தாய்வீட்டுக்கு அழைச்சிட்டு வரணும்.

கார் ஓட்டத் தெரிஞ்சவங்க வீட்டுல மூணு பேர். மங்கையை நான்தான் அழைச்சிட்டு வருவேன்னு மூணு பேருக்கும் ஆசை. அப்பாவுக்கு நான் பெத்த பொண்ணுன்னு உரிமை. மகனுக்கு என் தங்கச்சின்னு உரிமை. இசைவாணிக்கு, "அண்ணி, நீங்கதான் வரணும்"னு மங்கையே போன் பண்ணிச் சொன்ன உரிமை.

இந்த நேரம் பார்த்து, மார்க்கெட்டுலேர்ந்து திரும்புறப்ப டயர் வெடிச்சிடுச்சு. ஓட்டினது அருணகிரி. பக்கத்துல வடிவு அம்மா. மெதுவா வந்ததால யாருக்கும் ஒண்ணும் ஆகல. மடியில இருந்த தக்காளி மட்டும் சட்னி.

வீட்டுக்கு வந்து சேலையை மாத்தினதும் வடிவு அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க. "வயித்துப் புள்ளக்காரி ஏறப்போற வண்டி. டயரைத் தின்னது யாரோ, அவங்க கையில சாவி கிடையாது."

அவ்வளவுதான், கச்சேரி ஆரம்பம்.

"அப்பா காத்து பாக்குறதே செருப்புக் காலால எத்தித்தானேம்மா. எத்தினா டயர் பதில் சொல்லுமா?"ன்னான் செங்குட்டுவன்.

"நீ போடுற பிரேக்குல டயர் என்னடா, என் பல்லே ஆடுது"ன்னார் அருணகிரி.

ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், இசைவாணி புதுசா லைசென்ஸ் எடுத்தவங்கிறது.

வடிவு அம்மாவும் தலையாட்டினாங்க. அவங்களுக்கு வேற ஒரு கோவம். வாசல்ல வலது பக்கம் கோலம், இடது பக்கம் கார் நுழையுற வழி. அந்த வழியோட இடது ஓரத்துல, சுவத்துல வண்டி இடிக்காம இருக்க ஒரு கருங்கல் பதிச்சிருக்கு. மங்கை உண்டான சேதி வந்ததுலேர்ந்து சந்தோஷத்துல இவங்க கோலம் நாளுக்கு நாள் வளருது. மார்கழி முடிஞ்சது கோலத்துக்கு மட்டும் தெரியல. இப்ப கார் வழியிலயே பாதிக்கு வந்துடுச்சு.

"அப்பாவும் மகனும் எத்தனை தடவை வந்தாலும் ஒரு புள்ளி கலையாது. நீ உள்ள வந்தா மட்டும் கோலத்துல டயர் தடம்."

"அந்தப் பக்கம் இடமே இல்ல அத்தை"ன்னா இசைவாணி.

"அவங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு இடம்?"

செங்குட்டுவன் போனை நோண்ட ஆரம்பிச்சான். அருணகிரி பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டார்.

டயர் கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். செத்த டயரை நல்லா பார்த்தேன். உள்பக்க ஓரம் மட்டும் மொட்டை. நடுவுலயும் வெளி ஓரத்துலயும் பட்டன் அப்படியே இருக்கு. காத்து கூடிப்போனா நடுவுல தேயும், குறைஞ்சா ரெண்டு ஓரமும் தேயும். பிரேக்குதான் காரணம்னா முன்னாடி ரெண்டு டயரும் சேர்ந்து தேஞ்சிருக்கணும். வலது டயர் மாப்பிள்ளை மாதிரி இருக்கு. கடைக்காரர் சக்கரத்தைப் பார்த்துட்டு, "இடது சக்கரம் எதுலயோ தினம் ஏறி ஏறி இறங்கியிருக்கு சார். லேசா சாஞ்சு நிக்குது"ன்னார்.

இப்ப சொல்லுங்க. டயரைத் தின்னது யாரு? சாவி யார் கைக்குப் போறது நியாயம்?

யோசிச்சாச்சா? விடை இதுதான். கோலத்தை மிதிக்காத ரெண்டு பேரும்தான் தின்னது. கோலத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி, இடது சக்கரத்தைக் கருங்கல் மேல ஏத்தி இறக்கித்தான் தினம் உள்ள வந்திருக்காங்க. வடிவு அம்மாகிட்ட திட்டு வாங்குறதுக்குப் பதிலா டயர் போனாப் பரவாயில்லன்னு அவங்க கணக்கு. கல்லை ஏறாம வந்தது இசைவாணி மட்டும். அதுக்குத்தான் திட்டும் வாங்கினா. கடைக்காரர் சொன்னதைக் கேட்டுட்டு நேத்து வடிவு அம்மாவே போய்க் குனிஞ்சு பார்த்தாங்க. கல்லு முனையெல்லாம் கறுப்பா ரப்பர். அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, தெருவே எட்டிப் பார்த்துச்சு. கார் வழிக்கு வந்த கோலத்தைத் தன் காலாலயே அழிச்சுட்டு, சாவியை மருமக கையில வெச்சாங்க. ஆம்பளைங்ககிட்ட, "போகும்போது நீங்க ரெண்டு பேரும் பின் சீட்டு. வரும்போது அங்க என் பொண்ணு கால் நீட்டிப் படுத்துட்டு வருவா, நீங்க பஸ்ல வாங்க"ன்னுட்டாங்க. சக்கரத்தை நேராக்கி, இந்தப் புது டயரையும்—

"சித்தப்பா! தட்டெல்லாம் ஏத்தியாச்சு, நல்ல நேரம் போகுது. வர்றீங்களா, இல்ல நீங்க இப்பவே பஸ்ஸா?"

இசைவாணிதான் என்னைக் கூப்பிடுறா, ஹாரன் வேற அடிக்கிறா. திரும்பி வரும்போது எனக்கும் பஸ்தான். போறப்பவாவது கார்ல போறேன். வரட்டுங்களா?