மின்மினிக்குத் தீவட்டி பிடித்த மணியக்காரர்

ஒரே ஒரு ஊரிலே, கொக்கேரின்னு வெச்சுக்குங்களேன், சடையப்பர்னு ஒரு மணியக்காரர் இருந்தாராம். முதல்லே அவர் மீசை வருமாம், அப்புறம்தான் அவர் வருவாராம். மீசை தெருமுனையிலே திரும்பினதுமே வீட்டுக்கு வீடு மோர் கலக்க ஆரம்பிச்சுடுவாங்களாம். நம்பாட்டிப் போங்க.

அந்த ஊர் வாய்க்காலிலே மின்மினி கொட்டிக் கிடந்த காலம் ஒண்ணு உண்டு. மணியக்காரர் என்ன பண்ணினார்? கரையிலே இருந்த தாழம்புதரை வெட்டித் தன் செங்கல் சூளையிலே எரிச்சார். எரிச்ச சாம்பலை வாய்க்காலிலேயே கொட்டினார். நத்தை செத்துது. நத்தையைத் தின்னு வளர்ற மின்மினிப் புழுவும் செத்துது. அப்புறம் ஏது மின்மினி?

ஊரே வாய்க்காலிலே இறங்கிச்சு. சாம்பலை அள்ளினாங்க, அள்ளினாங்க, அள்ளிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் தாழை நட்டாங்க, அப்புறம் பக்கத்து ஊர் நத்தைகளைச் சீர்வரிசை மாதிரி கூடையிலே சுமந்து வந்து விட்டாங்க. மணியக்காரர் கரையிலே நின்னு மீசையைத் தடவினார். அவர் பங்குக்கு அவ்வளவுதான். மூணாம் மழைக்கு மின்மினி வந்துது.

உடனே ராஜாகிட்டே ஓடினார். "மகாராஜா! நான் ஒருத்தனே பாடுபட்டு மின்மினியைக் கொண்டாந்துட்டேன். நீங்க வரும்போது ஒண்ணும் இல்லேன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!"

"அமாவாசைக்கு வர்றேன். நாவிதரும் கூட வருவார்"னார் ராஜா.

அமாவாசையன்னிக்குப் பார்த்தா கரை முழுக்கத் தீவட்டி! வாழைமரத்துக்கு ஒண்ணு, படித்துறைக்கு ஒண்ணு, மணியக்காரர் மூஞ்சிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு.

சாம்பல் அள்ளின குருவம்மா வந்து, "ஐயா, இருட்டிலேதான் அதுங்க வரும், அணைச்சுடுங்க"ன்னாள்.

"அணைச்சா ராஜாவுக்கு என் மூஞ்சி எப்படித் தெரியும்?"

மறுபடியும் கேட்டாள்.

"அணைச்சா என் மீசை எப்படித் தெரியும்? போ அந்தாண்டே!"

மூணாந்தரமும் கேட்டாள்.

"டேய், இன்னும் பத்து கொளுத்துங்கடா!"

ராஜா வந்தார். ஒரு மின்மினிகூட இல்லை. மணியக்காரர் பனைமரத்தைக் கைகாட்டினார்.

"மகாராஜா, தூக்கணாங்குருவி திருடிடுச்சு! கூட்டுக்கு விளக்கு வைக்க அள்ளிட்டுப் போயிடுச்சு!"

பனைமரத்துக் கூட்டிலேயிருந்து குருவி தலையை நீட்டிச்சு. "ராஜாவே, என் வீட்டுக்கு ஒரு மின்மினி போதும். இன்னிக்கு அதுகூட இல்லே. இவர் போட்ட வெளிச்சத்துலே விடிஞ்சுடுச்சுன்னு என் குஞ்சுங்க இரை கேட்டுக் கத்துதுங்க. முதல்லே அதை அணைக்கச் சொல்லுங்க, நான் தூங்கணும்."

ராஜா கையைத் தட்டினார். தீவட்டியெல்லாம் மண்ணுக்குள்ளே போச்சு. கும்மிருட்டு. தாழையிலே ஒண்ணு மினுக்குனுச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் வாய்க்கால் முழுக்க.

"வந்துடுச்சு! மீசை பொழைச்சுது!"ன்னு குதிச்சார் மணியக்காரர்.

"யார் கொண்டாந்தது?"ன்னார் ராஜா.

"சாம்பலைக் கொட்டினது ஐயா, அள்ளினது நாங்க"ன்னாள் குருவம்மா.

"நான் வந்தப்போ ஒண்ணும் இல்லே, பேச்சு பேச்சுதான். நாவிதரே, எடும்!"

"இந்த இருட்டிலேயா மகாராஜா? ஒரே ஒரு தீவட்டி…"ன்னு இழுத்தார் நாவிதர்.

"மூச்! மின்மினி வெளிச்சம் போதும்."

"ஐயோ, ஒரு விளக்கு கொளுத்துங்கடா!"ன்னு அலறினார் மணியக்காரர்.

"கொளுத்தினா அதுங்க போயிடும் ஐயா. ஆடாம உட்காருங்க"ன்னாள் குருவம்மா.

மின்மினி எரிஞ்சப்போ ஒரு இழுப்பு, அணைஞ்சப்போ ஒரு இழுப்பு. விடிஞ்சு பார்த்தா மீசை பாதி இருந்துது; புருவம் ரெண்டும் இல்லை.

ஊரார் அள்ளின சாம்பலுக்கு மீசை முறுக்கினா அப்படித்தான். மீசை போச்சு, பூச்சி வந்துது, கதையும் ஆச்சு. இன்னும் அங்கே எவன்டா விளக்கை எரியவிட்டிருக்கான்? அணைடா!