மனப்பாடத் தீர்ப்பு

டொக்! டொக்! டொக்! மரங்கொத்தி பட்டமரத்தைத் தட்டிய அந்த ஓசை, வயதான பிறகும் கரடியின் காதை விட்டுப் போகவில்லை.

அந்த ஓசை கேட்டால் குளக்கரையில் நாடகம் தொடங்கிவிட்டது என்று பொருள். கோடைதோறும் ஒரே நாடகந்தான்: முட்டைத் திருடன். வாத்தியார் குரங்கு. கரடி நீதிபதி, தலையில் தாமரை இலைக் கிரீடம். கீரி திருடன்.

“திருடியது நீதானே?” என்று கரடி உறுமும்.

“ஆம் பிரபு, நான்தான்!” என்று கீரி காலில் விழும்.

“காட்டை விட்டுத் துரத்துங்கள்!” என்றதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். பிறகு கரடியும் கீரியும் சேர்ந்து உட்கார்ந்து நாவற்பழம் தின்னும்.

ஒரு வருடம், கோடைமழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, ஆள்காட்டிக் குருவி அலறியது. “ஐயோ! கரையில் இட்ட என் முட்டைகளைக் காணோமே!”

“இதில் யோசிக்க என்ன இருக்கு? கீரிதான்!” என்றது காகம். “வருஷா வருஷம் நம்ம கண்ணாலேயே பார்க்கிறோமே!”

மற்ற விலங்குகள் கீரியைக் குளக்கரைக்கு இழுத்து வந்தன. கரடிக்குக் கிரீடம் சூட்டின. மரங்கொத்தி தட்டியது.

“திருடியது நீதானே?” கரடிக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

“இல்லை அண்ணே! மழைக்குப் பயந்து நான் வளையை விட்டே வெளியே வரலை!”

கூட்டம் சிரித்தது. “வசனத்தை மறந்துட்டான்யா!” என்று காகம் கத்தியது.

கரடி தயங்கியது. யார் பார்த்தது என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. இரவு குளம் எதுவரை ஏறியது என்றும் கேட்க வேண்டும்போல் இருந்தது. அப்படி ஒரு வரியும் அதன் பாடத்தில் இல்லை.

“ஏன் நிக்கறீங்க? அடுத்த வரியை எடுங்க!” என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தது குரங்கு.

“அண்ணே, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க!” என்றது கீரி.

கரடி கூட்டத்தைப் பார்த்தது. “காட்டை விட்டுத் துரத்துங்கள்!”

குரல் கணீரென்று இருந்தது. அவ்வளவு ஆரவாரம் அதற்கு எந்த நாடகத்திலும் கிடைத்ததில்லை.

தண்ணீர் வடிந்தபோது, கோரைப்புல்லுக்குள் முட்டைகள் சேறு அப்பிக் கிடந்தன. ஏறிய குளம் அவற்றை அடித்துக்கொண்டு போயிருந்தது. ஒன்றுகூட உடையவில்லை.

கரடி கிரீடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கீரியைத் தேடி மலை தாண்டி நடந்தது.

குற்றம் சாட்டப்பட்டவனின் பேச்சுக்குக் காது கொடுக்காமல் சொல்லும் தீர்ப்பு, எவ்வளவு கைதட்டல் வாங்கினாலும் வெறும் நாடகந்தான். மலைக்கு அந்தப் பக்கம், ஒதுங்க ஒரு வளை கிடைக்காமல் வெட்டவெளியில் படுத்திருந்த கீரியை ஒரு கழுகு தூக்கிப் போயிருந்தது.