எறும்புகள் மீசை தொட்டுப் போவது ஏன்

எறும்பும் வண்டும் வாய்விட்டுப் பேசிய காலம் அது. அப்போது எறும்புகள் இப்போதுபோல ஊர்ந்து திரியவில்லை. இரை தேடுகிற சிலரைத் தவிர மற்றவர்கள் ஏரிக்கரையிலிருந்து புற்றின் அடிவரைக்கும் ஆளுக்கோர் இடத்தில் வரிசையாக நின்றார்கள். செத்தாலும் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. அதுதான் சட்டம்.

ஊர்வம்பு பேசத்தான் வாய். சேதி என்றால் துளிதான். மேலே நிற்பவள் தன் வாயிலிருந்து ஒரு துளி எடுத்துக் கீழே நிற்பவளின் மீசையில் வைப்பாள். பெண்பிள்ளைக்கு மீசையா என்று சிரிக்காதீர்கள், எறும்புக்கு உண்டு. அந்த மீசையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள். வெள்ளச் சேதிக்கு ஒரு வகைக் குழிகள், 'எல்லாம் சுகம்' என்ற சேதிக்கு வேறு வகைக் குழிகள். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. வைத்தவளே துளியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வாள், அடுத்த சேதிக்குக் குழி காலியாக வேண்டுமே. அதோடு அவள் வேலை முடிந்தது. கேட்டவள் தனக்குக் கீழே நிற்பவளுக்கு வைப்பாள். நம் மண்டைக்குள் நரம்புக்கு நரம்பு சேதி கைமாறுவதும் ஏறக்குறைய இப்படித்தானாம்.

நடுவில் நின்றவள் இருளாயி. அவளுக்கு மேலே அக்கா சடைச்சி. கீழே, முட்டை அறை வாசலில், தங்கை பூவாயி. பூவாயியைப் புழுவாய் இருந்த நாளிலிருந்து ஊட்டி வளர்த்தவள் இருளாயிதான். வெள்ளம் வருகிறதென்று இருளாயி துளி வைத்தால்தான் பூவாயி முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவாள்.

இருளாயி பயந்த சுபாவம். எந்தத் துளி எப்போது வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கோடையில், முதுகில் மஞ்சள் மயிர் முளைத்த வண்டு ஒன்று புற்றுக்குள் வந்து அவள் பக்கத்தில் நின்றது.

"நின்று நின்று கால் கடுக்கவில்லையா தாயி?"

"கடுத்தால் என்ன செய்ய? நான் நகர்ந்தால் பிள்ளைகள் போச்சு."

"உன்னை யார் நகரச் சொன்னது? என் முதுகில் ஊறுவதைக் கொஞ்சம் மீசையில் தொட்டுக்கொள். உனக்கு வருகிற இரையில் பாதி கொடு, போதும்."

தொட்டுக்கொண்டாள். அது நேரே போய்ச் சுகக் குழியில் உட்கார்ந்தது, அச்சு அசல் சடைச்சியின் துளி மாதிரியே. ஒரே வித்தியாசம், அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஆள் இல்லை. பொழுது சாயும்வரை அப்படியே இருந்தது. பிறந்ததிலிருந்து படபடத்த நெஞ்சு அன்றுதான் அடங்கியது. பாவம், அவளை ஏச எனக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் ஒரு துளி பற்றவில்லை. அதற்கடுத்த நாள் மூன்று வேண்டியிருந்தது. ஓயாமல் வந்து இறங்கினால் குழி என்ன செய்யும்? சுகக் குழிகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துபோயின. சடைச்சி வைக்கிற 'எல்லாம் சுகம்' அவளுக்கு உறைக்கவே இல்லை. வண்டு வரத் தாமதமானால் ஆறு காலும் உதறின. சுகத்துக்காகத் தொட்ட காலம் போய், உதறல் நிற்பதற்காகத் தொட்டாள். வண்டு இரை முழுவதையும் கேட்டது. கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தாள்.

ஐப்பசியில் ஏரி உடைந்தது. துளி துளியாகச் சேதி இறங்கி வந்தது. சடைச்சி இருளாயியின் மீசையில் வைத்தாள், திரும்ப உறிஞ்சிக்கொண்டாள், தன் பாட்டுக்கு நின்றாள். வெள்ளத் துளி அதன் குழியில் சரியாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் வண்டின் துளியில் மிதந்த உடம்பு அதைச் சட்டை செய்யவில்லை. இருளாயி பூவாயிக்குத் துளி வைக்கவில்லை.

தண்ணீர் புற்றின் அடியில் ஊறிப் புகுந்து மேலே ஏறியது. அது தன் காலை நனைத்தபோதுதான் அவளுக்குத் தெளிந்தது. வண்டு எப்போதோ பறந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக இடத்தை விட்டு நகர்ந்து கீழே ஓடினாள்.

முட்டைகள் மிதந்து வந்தன. பின்னாலேயே பூவாயியும் வந்தாள். தண்ணீர் கழுத்துக்கு ஏறியும் அவள் வாசலை விட்டு அசைந்திருக்கவில்லை, சேதிதான் வரவில்லையே. துளிக்காகத் தூக்கிய மீசை தூக்கியபடியே விறைத்திருந்தது. இருளாயி அதில் வெள்ளத் துளியை வைத்தாள். மறுபடி வைத்தாள். யாரோ அவளைப் பிடித்து இழுக்கும்வரை வைத்துக்கொண்டே இருந்தாள்.

தப்பியவர்கள் ஒரு வேலமரத்தில் ஏறி ஒண்டினார்கள்.

"வைத்தேனேடி," என்றாள் சடைச்சி.

"எனக்குத் தெரியலையே அக்கா."

சடைச்சி, "உனக்குத் தெரிந்ததா என்று நானும் பார்க்கவில்லையே," என்று அழுதாள்.

இருளாயி அந்த மரத்தில் இருந்த ஒவ்வொருத்தியிடமும் போய், மீசையைத் தொட்டு, "தெரிகிறதா? தெரிகிறதா?" என்று கேட்டாள். அவர்கள் ஆறுதலுக்குச் சுகத் துளி வைத்தார்கள். அது அவளிடம் உட்கார இடமில்லாமல் வழிந்து போயிற்று. அவள் அடுத்தவளிடம் போனாள். சாகும்வரை அப்படித்தான் திரிந்தாள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் எறும்புகள் நிற்பதை விட்டு ஊர்ந்து திரிகின்றன. எதிரே எவள் வந்தாலும், எவ்வளவு அவசரமானாலும், நின்று அவள் மீசையைத் தொடுகின்றன. பதிலுக்கு அவளும் தொட்ட பிறகே நகர்கின்றன.