முப்பத்தேழு தேடல்கள்

திருநெல்வேலி சந்திப்புக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வரி ஆலோசகர்கள் சங்கத்தின் நூலகம் இருந்தது. இருபத்தொன்பது வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டவர் அருமைநாயகம். சட்டம் மாறும்போதெல்லாம் பைண்டரைத் திறந்து பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதிய தாளைக் கோப்பார். எந்தத் தீர்ப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், எழுந்திருக்காமலே விரலால் காட்டுவார்.

அந்த வருடம் சங்கம் அச்சுத் தொகுதிகளை நிறுத்தியது. இனி எல்லாம் இணையத்தில். அவரவர் இடத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். புத்தகங்கள் ஒரு சட்டக் கல்லூரிக்குப் போயின. அலமாரிகள் நின்ற இடங்கள் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தன. இருமினால் அறை எதிரொலித்தது.

இணையத்தில் தேடச் சொல்லிக்கொடுப்பதற்குச் சென்னையிலிருந்து சுபைதா வந்தார். வயது முப்பத்தொன்று. உறுப்பினர்கள் திங்கட்கிழமை ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டு போய்விட்டார்கள். அருமைநாயகத்துக்கு மட்டும் அந்த வாரம் முழுக்கத் தேவைப்பட்டது. அவர் சுபைதாவை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

"என் வயசென்ன, உங்க வயசென்ன சார்?"

"சொல்லிக்கொடுக்கிறது நீங்கதானே," என்றார்.

செவ்வாய்க்கிழமை யாரும் படியேறி வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அருமைநாயகம் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து தேதி எழுதினார். மதியம் ஆனது. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க சார்."

"இனிமே இங்க யார் வருவா?"

சுபைதா கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். எந்த உறுப்பினர், எத்தனை மணிக்கு, என்ன சொல் போட்டுத் தேடினார் என்ற பட்டியல் அது. நூலகர் மட்டும் பார்க்கக்கூடியது.

"படிங்க."

ஆங்கிலத்தில் இருந்ததை அவர் தமிழில் மெதுவாகச் சொல்லிப் படித்தார். பெரும்பாலானவர்கள் ஓரிரு முறை தேடி வேண்டியதை எடுத்திருந்தார்கள். ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

ஆவுடைநாயகி. காது கேளாதோர் விடுதி: ஒன்றும் இல்லை. காது கேளாத பிள்ளைகள், அறக்கட்டளை: ஒன்றும் இல்லை. விடுதி, வரிவிலக்கு ரத்து: நாலாயிரத்துச் சொச்சம் தீர்ப்புகள். நேற்றுக் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இன்று மதியம் வரை முப்பத்தேழு முறை.

"இவங்க யாரு சார்?"

"நம்ம உறுப்பினர்தான். பார்த்ததில்லை."

"பார்த்ததே இல்லையா?"

"வருஷா வருஷம் பட்டியல்ல பேர் அடிக்கிறேன். சமாதானபுரம் விலாசம். இங்க வந்ததில்லை. படிக்கிற பழக்கம் இல்லாதவங்கன்னு நினைச்சிருந்தேன்."

சுபைதா பட்டியலை மறுபடி மேலே நகர்த்தினார். முப்பத்தேழு வரிகளும் ஒவ்வொன்றாகப் போயின.

அருமைநாயகம் 'வரிவிலக்கு ரத்து' என்ற வரியில் விரலை வைத்தார்.

"இவங்க தேடுற பழைய தீர்ப்பு இப்படித் தேடினா கிடைக்காது," என்றார். "அதுல விடுதிங்கிற தலைப்பே கிடையாது. வேற ஒரு விடுதிப் பிள்ளைங்க மெழுகுவர்த்தி செஞ்சு வித்தாங்க. அது தர்மமா வியாபாரமாங்கிறதுதான் வழக்கு. மெழுகுவர்த்தின்னு போட்டாத்தான் வரும்."

சுபைதா தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதை எடுக்கவில்லை.

"போன்ல சொன்னா விளங்காது," என்று சொல்லிவிட்டுக் குடையுடன் இறங்கிப் போனார்.

சமாதானபுரத்தில் அந்த வீட்டின் முன்னறைதான் அலுவலகம். மேசைக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் கணினியைப் பார்த்தபடி இருந்தார். அவர் நாற்காலியை ஒட்டி இரண்டு ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. அருமைநாயகம் வாசலிலேயே நின்றார். நூலகத்துக்கு ஏற மொத்தம் எத்தனை படிகள் என்று அப்போதுதான் அவர் யோசித்தார்.

தன் பெயரைச் சொன்னார். ஆவுடைநாயகி எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா."

மெழுகுவர்த்தி என்று தேடியதும் தீர்ப்பு வந்தது. ஆவுடைநாயகி அதைக் கடைசி வரி வரை படித்தார். அவர் கணக்குப் பார்க்கும் காது கேளாதோர் விடுதியின் வரிவிலக்கு குறித்து மறுநாள் காலை விசாரணை. விலக்கு போனால் விடுதியை மூட வேண்டியதுதான். அறுபத்திரண்டு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

படித்து முடித்ததும் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்களை எடுத்தார். நூலகத்துக்குப் போகிற நண்பர்களிடம் சொல்லி, பத்தொன்பது வருடமாக வாங்கிச் சேர்த்தவை. ஓரங்களில் பென்சில் எழுத்து இருந்தது. 'அடுத்த தொகுதியையும் பார்க்க.' 'இது மேல்முறையீட்டில் மாறிவிட்டது.'

"உங்க கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும் சார்."

அருமைநாயகம் தாள்களைப் புரட்டினார்.

"யார் படிக்கப்போறான்னு தெரியாமத்தான் எழுதியிருப்பீங்க," என்றார் ஆவுடைநாயகி. "நான் எனக்குன்னு நினைச்சுக்குவேன். இந்த அறையில வேற யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, பாருங்க."

அருமைநாயகம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வியாழக்கிழமை மாலை நூலகத்துக்குத் தொலைபேசி வந்தது. "ரத்து உத்தரவை நிறுத்தி வச்சுட்டாங்க சார். பிள்ளைங்க அங்கேயே இருக்கலாம்." அருமைநாயகம் சந்தோஷம் என்றார். வைத்த பிறகும் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் சுபைதா சென்னைக்குத் திரும்பினார். வழியனுப்ப அருமைநாயகம் வந்திருந்தார். இருவரும் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பத்தொன்பது வருஷம், டீச்சர்."

"ம்."

"அவங்க வீட்டுக்கு பஸ்ல போனா கால் மணி நேரம்கூட இல்லை."

"ம்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

சுபைதா அவர் பக்கம் திரும்பினார்.

"யாரு, சார்?"