கோளரி மன்னரும் குரங்கு தின்ற புளியும்

முன்னொரு காலத்தில் செங்குளநாட்டைக் கோளரி என்றொரு மன்னர் ஆண்டு வந்தார். அவருடைய கண் பொல்லாத கண். காளையைப் பார்த்தால் ஒரு நாளில் எத்தனை சால் உழும் என்பார், புளியமரத்தைப் பார்த்தால் எத்தனை மூட்டை தேறும் என்பார். உலுக்கிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். ஊர் மெச்ச மெச்ச, மனிதர்களையும் அந்தக் கண்ணாலேயே எடைபோட ஆரம்பித்தார். அங்கேதான் வினை வந்தது.

தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் மன்னரின் மாணிக்க மோதிரத்தைக் காணவில்லை. யானைக்கொட்டிலில் வைத்துக் கடைசியாகப் பார்த்ததாக நினைவு. பாகன் மாசாணத்தைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். கண் இரண்டும் கோவைப்பழம், தலை நிமிரவில்லை, வாய் குழறியது.

"மோதிரத்தை எடுத்தாயா?" என்றார் மன்னர்.

"இல்லை சாமி. ஆனா..."

"போதும். மூஞ்சியே சொல்கிறது. இவன் கள்ளன். நாளைக்கு அரண்மனைப் புளியமரத்துக்கு மதிப்புப் போட்டு முடிந்ததும் வலது கையை வாங்கிவிடுங்கள். அதுவரை காவலோடு கொட்டிலிலேயே கிடக்கட்டும்."

"ஆகா, ஒரே பார்வை, ஒரே தீர்ப்பு! நம் மந்திரியார் என்றால் சாட்சி, விசாரணை என்று அமாவாசை வரை இழுத்திருப்பார்" என்றார் அரசவையில் இருந்த தாண்டவராயர். மந்திரி நாற்காலியின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

பாகனைப் பார்த்ததும் மந்திரி மயிலேறும் பிள்ளைக்கும் கள்ளன் என்றுதான் தோன்றியிருந்தது. அதுதான் அவரை அரித்தது. மாலையில் மதிலோரம் நடந்தபடியே தன்னைக் கேட்டுக்கொண்டார்: 'அவன் "ஆனா" என்றானே, அதற்குப் பிறகு என்ன? அது தெரியாமல் நான் எப்படி ஒப்புக்கொண்டேன்? கள்ளனாகவே இருக்கட்டும், வெட்டின கை மறுபடி முளைக்குமா?' அண்ணாந்து பார்த்தபோது அரண்மனைப் புளியமரம் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பும்போது நடை மாறியிருந்தது. பதவி போனாலும் சரி, அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று கேட்காமல் விடுவதில்லை.

செங்குளநாட்டில் புளியை மரத்தோடு மதிப்புப் போட்டுத்தான் விற்பார்கள். மதிப்புப் போடுகிறவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபிறகுதான் வாய் திறக்க வேண்டும். மன்னரே ஆனாலும் வழக்கம் அதுதான்.

மறுநாள் காலை மந்திரி கும்பிட்டு நின்றார். "மகாராஜா, வெயில் கடுமையாக இருக்கிறது. இந்த வருஷம் மாடத்தில் நின்றபடியே மதிப்புப் போட்டுவிடலாமே. தங்கள் கண்ணுக்கு ஒரு பார்வை போதாதா?"

மன்னர் தயங்கினார். தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. "இதற்கு மன்னர் எதற்கு? நானே சொல்கிறேன். முப்பது மூட்டை. ஒரு கொட்டை குறைந்தாலும் என் வீட்டுப் புளியைக் கொண்டுவந்து கொட்டுகிறேன்."

சொன்னது சரிதானா என்று பார்க்க எல்லாரும் இறங்கிப் போனார்கள். மாடத்துப் பக்கம் கொம்பு ஒடியக் காய்ப்பு. மதில் பக்கம் போனால் வெறும் இலை. மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள் ஏப்பம் விடாத குறை.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினைந்துகூடத் தேறாது, ராயரே. ஒரு பக்கம் பார்த்துச் சொல்கிறவன் மதிப்புக்காரனா? சுற்றி வராமல் சொன்ன சொல் செல்லாது, அதனால் வருகிற நட்டமும் சொன்னவன் தலையில். இதுதானே நம் நாட்டு வழக்கம்?"

"அதே வழக்கம்தானா, மகாராஜா?" என்றார் மந்திரி.

"அதிலென்ன சந்தேகம்?"

"அப்படியானால் மாசாணத்தை இன்னும் யாரும் சுற்றி வரவில்லையே. புளி குறைந்தால் ராயர் வீட்டிலிருந்து கொட்டலாம். கை போனால் யார் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைப்பது?"

மந்திரி பார்வையைத் தாழ்த்தவில்லை. மன்னரின் முகம் சிவந்தது, பிறகு மெல்லக் கறுத்தது.

"அவனைக் கூப்பிடுங்கள்" என்றார். பாகன் வந்ததும், "நேற்று 'ஆனா' என்றாயே, அதை முடி" என்றார்.

"சாமி, திருவிழா அன்னைக்கு நீங்க உங்க கையாலயே யானைக்கு வெல்லக் கவளம் ஊட்டினீங்க. உள்ள போன கை வெளிய வரும்போது விரல்ல மினுக்கம் இல்லை. சொல்லப் பயமா இருந்துச்சு. அன்னையிலேருந்து யானைக்கு வயித்துல சாணியே இறங்கலை. வேப்பிலைப் புகை போட்டுக்கிட்டு அது பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். கண்ணு ரெண்டும் எரியுது. நேத்து சாயங்காலம் கொடுத்த கஷாயத்துலதான் இப்ப விடியக்காலை வயிறு இளகியிருக்கு. ஒரு குவியல் கிடக்கு, யாரும் தொடலை."

மன்னர் தன் வெறும் விரலைப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "ராயர் பார்த்தது பாதி மரம். நான் பார்த்தது பாதி மனிதன்கூட இல்லை. இனிமேல் யாரையானாலும் முழுக்கப் பேசவிட்டுத்தான் தீர்ப்பு."

அடுத்து ராயர் பக்கம் திரும்பினார். "புளியை மெதுவாகக் கொட்டலாம். உமக்குத்தான் ஒரே பார்வையில் எல்லாம் தெரியுமே, கொட்டிலுக்குப் போய் மோதிரம் எங்கே என்று பாரும்."

ஒரே பார்வையில் அது தெரியவில்லை. பட்டு அங்கவஸ்திரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை விட்டுத் துழாவிய பிறகுதான் கிடைத்தது. யானை திரும்பிப் பார்த்து ஒரு தரம் பிளிறியது. கழுவின மோதிரத்தை மன்னர் மாசாணத்துக்கே கொடுத்தார்.

"வேண்டாம் சாமி, யானைக்கு ஒரு கட்டு கரும்பு போதும்" என்றான் அவன். இரண்டையும் கொடுத்து அனுப்பினார்.

கூட்டம் கலைந்ததும் மன்னர் மந்திரியை அருகில் அழைத்தார். "பிள்ளை, அவன் எடுக்கவில்லை என்று உமக்கு எப்படித் தெரிந்தது?"

"தெரியாது, மகாராஜா. சற்றுமுன் வரை நானும் அவனைக் கள்ளன் என்றுதான் நினைத்தேன்."

"அப்புறம் எந்தத் தைரியத்தில் என்னோடு மல்லுக்கு நின்றீர்?"

"தெரிந்திருந்தால் அவனைக் கேட்க வேண்டிய அவசியமே இருந்திருக்காதே" என்றார் மந்திரி.