அம்பலக்காரர் கொல்லைக்கு வந்த நண்டாறு

ஒரே ஒரு ஊருல, இல்லல்ல, ரெண்டு ஊரு, நடுவுல ஒரு ஆறு. நண்டாறுன்னு பேரு. ஆறுன்னதும் பெருசா நெனச்சுக்கிடாதீங்க, ஆடு தாண்டுற அகலம்தான். கழுதமலைச் சுனையில பொறந்து, கீழ எறங்கி, அய்யனார் கோயிலை ஒரு சுத்து சுத்தி, புளியந்தோப்பு முக்குல முழங்கையை மடக்குன மாதிரி திரும்பி, ரெண்டு ஊருக்கும் நடுவுல போயி, கண்மாயில விழுந்து படுத்துக்கிடும். கடலைப் பத்தி அது கேள்விப்பட்டதுகூட இல்ல.

மேக்கால இருக்கிறது மேலக்கரை, கெழக்கால இருக்கிறது கீழக்கரை. ஆறுதான் எல்லைன்னு ராசா சட்டம் போட்டிருந்தாரு. எது எந்தக் கரையில கெடக்கோ அது அந்த ஊருக்கு. சட்டம் போட்ட ராசா ஆத்தைப் பார்த்ததில்ல. பார்த்திருந்தா போட்டிருக்க மாட்டாரு.

கீழக்கரையில குருவம்மான்னு ஒருத்தி. புருசன் இல்ல, புள்ள இல்ல, ஏழு ஆடும் ஆத்தோர மேட்டுல ஒரு வெள்ளரித் தோட்டமும்தான். அந்தத் தோட்டம் இருந்தாத்தான் அவளுக்குக் கஞ்சி. ஒரு சித்திரையில கோடமழை கொட்டி வெள்ளம் வந்துச்சா, வடிஞ்சு பார்த்தா ஆறு கெழக்கால நகந்து ஓடுது, தோட்டம் மேலக்கரையில கெடக்குது!

மேலக்கரை அம்பலக்காரரு, அதான் ஊருத் தலைவரு, வீரணன் வந்துட்டாரு. ஊருக்கு வந்ததெல்லாம் தனக்கு வந்ததுன்னு நெனக்கிற ஆளு, மீசைக்குன்னு தனிச் சீப்பு வச்சிருக்கிற ஆளு.

"ஏத்தா, வெளிய போ. இது எங்க கரை."

"அம்பலக்காரரே, தோட்டம் நகரலையே, ஆறுதானே நகந்துச்சு!"

"ஆறு எனக்குக் குடுத்துச்சு. சட்டம் சட்டம்தான்."

அழுதுக்கிட்டே ராசாகிட்ட ஓடுனா. அவரும் சட்டம் சட்டம்தான்னுட்டாரு. தோட்டத்துக்குத் திரும்பி வந்து, பிஞ்சு விட்டிருந்த கொடியைத் தடவிக் குடுத்துட்டு வீட்டுக்கு நடந்தா பாருங்க, சொல்ற எனக்கே வயிறு எரியுது.

அம்பலக்காரருக்கு ருசி கண்டுபோச்சு. ஆத்தை நாமளே தள்ளுனா என்னன்னு ஆளுகளைக் கூட்டிட்டுப் போயி கெழக்கால ஒரு வாய்க்கா வெட்டுனாரு, எள்ளுக்காடு வந்துச்சு. இன்னொன்னு வெட்டுனாரு, பனங்காடு வந்துச்சு. அடுத்து கீழக்கரை ஊரையே முழுங்கப் பார்த்தாரு.

குருவம்மா ஆடு மேய்ச்சு ஆத்தை அடி அடியாத் தெரிஞ்சவ. அம்பலக்காரரு வீடு மேலக்கரைக்குக் கெழக்கால தனியா நிக்குது. அதுக்குப் பின்னால, மேக்குப் பக்கம் ஒரு பள்ளம், அங்க ஒரு சாண் தோண்டுனா ஆத்து மணலும் நண்டு ஓட்டுச் சில்லும் வரும். அந்தக் காலத்துல ஆறு போன வழி அதுதான். அவ நேரா அவருகிட்ட போனா.

"எங்க வேணும்னாலும் வெட்டுங்க, புளியந்தோப்பு முக்குல மட்டும் அணை போட்டுறாதீங்க. ஆறு உங்க கொல்லைக்கு வந்துரும்."

உண்மையைத்தான் சொன்னா. வேணாம்னா அதைத்தான் செய்வாருன்னும் அவளுக்குத் தெரியும்.

"ஓகோ, ஊரு போயிருமேன்னு பயமாக்கும்!" பனமரத்தை வெட்டிப் போட்டு முக்குல அணை கட்டுனாரு. "வேணாம் அம்பலக்காரரே"ன்னா, ஒரு முழம் ஒசத்துனாரு. "ஐயய்யோ வேணாம்"னா, இன்னொரு முழம். காலைப் புடிச்சுக் கெஞ்சுனா, மூணாவது முழம்.

மழை வந்துச்சா, ஆறு ஓடி வந்து அணையில முட்டிச்சா, இங்கிட்டுப் பார்த்துச்சு, அங்கிட்டுப் பார்த்துச்சு, பழைய வழி ஞாபகம் வந்துருச்சு. விடிஞ்சு அம்பலக்காரரு கொல்லைக்கதவைத் தொறந்தா, படியில கெண்டை துள்ளுது! முப்பத்திரெண்டு தூண் வீடு, வைக்கப்போரு, மாடு கன்னு, புடிச்ச தோட்டம், எள்ளுக்காடு, பனங்காடு, எல்லாம் ஆத்துக்குக் கெழக்கால.

ராசா இந்தத் தடவை நேர்லயே வந்தாரு. அம்பலக்காரரு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "ராசா, வீடு நகரலையே, ஆறுதானே நகந்துச்சு!"ன்னாரு.

"இதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" அப்படின்னாரு ராசா.

"நான்தான் ராசா சொன்னேன்"னா குருவம்மா. "அன்னைக்கு உங்க காதுல விழலை."

ராசாவுக்கு முகம் தொங்கிப்போச்சு. "சட்டம் சட்டம்தான். வீடு குருவம்மாவுக்கு. இனிமே ஆறு எல்லை இல்ல, கல்லுதான் எல்லை. கல்லை அம்பலக்காரரே தலையில சொமந்து நடட்டும்."

"அம்புட்டுத் தூணையும் யாரு தூசி தட்டுறது?"ன்னு குருவம்மா தூணுக்கு ஒண்ணா ஆட்டைக் கட்டிப் போட்டுட்டு, தோட்டத்துக்குப் போயிட்டா. ஆடு ஏழுதான், மிச்சத் தூணு சும்மா நின்னுச்சு. அம்பலக்காரரு அவகிட்டயே ஆடு மேய்க்கச் சேந்தாரு. மீசைச் சீப்பு இப்ப கிடாய்க்குத் தாடி சீவுது.

அடுத்தவ தோட்டத்துக்கு ஆத்தைத் தள்ளுறவன் தன் கொல்லைக்கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கிடணும். நண்டாறு கண்மாயில படுத்துருச்சு, கதையும் படுத்துருச்சு, நீங்களும் படுங்க.